நாற்காலி காலியாகும் முன்பே: அடுத்த பொறுப்பாளரை உருவாக்க ஒரு வழிகாட்டி

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் கொள்முதல் பிரிவை ஒரே ஒருவர் 19 ஆண்டுகளாகக் கவனித்து வந்தார். ஒரு திங்கட்கிழமை காலை அவருக்குத் திடீரென்று உடம்பு முடியாமல் போய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். செவ்வாய் முழுவதும் அவர் எப்படி இருக்கிறார் என்ற பேச்சுதான். மூலப்பொருள் வந்து சேரவில்லை என்பது புதன்கிழமைதான் தெரிந்தது. யாரிடம் ஆர்டர் போட்டிருக்கிறார், யாருக்கு முன்பணம் போயிருக்கிறது, எல்லாம் அவருடைய டைரியில் இருந்தது. திறந்து பார்த்தோம். ‘கே.எஸ். பழைய ரேட், 2 வண்டி, ஞாபகப்படுத்து’ என்று ஒரு வரி. கே.எஸ். யார் என்று யாருக்கும் தெரியவில்லை.

அவருக்கு உதவியாளர் இல்லாமல் இல்லை. 6 ஆண்டுகளாகப் பக்கத்து மேசையிலேயே ஒருவர் இருந்தார். அவரிடம் கேட்டபோது, “சார் சொல்றதை டைப் பண்ணிக் குடுப்பேன் சார், அவ்வளவுதான்” என்றார். அந்தப் பதில் எனக்கு இன்றும் மறக்கவில்லை. அவர் கெட்டிக்காரர். ஆனால் 6 ஆண்டில் ஒரே ஒரு முடிவைக்கூட அவரை எடுக்கவிடவில்லை.

ஒரு பொறுப்பில் இருப்பவர் போனால் அடுத்து யார் என்பதை முன்கூட்டியே யோசித்து ஆளைத் தயார் செய்வதை ‘வாரிசுத் திட்டமிடல்’ என்று எழுதுகிறார்கள். வாரிசு என்றதும் சொத்தும் சொந்தமும்தான் நினைவுக்கு வருகின்றன. பதவி யாருடைய சொத்தும் இல்லை என்பதால் இந்தக் கட்டுரையில் ‘அடுத்த பொறுப்பாளர்’ என்றே எழுதுகிறேன். புதிதாக ஒரு குழுவுக்கோ, பிரிவுக்கோ, சங்கத்துக்கோ தலைமை ஏற்றிருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. ஹெச்ஆர் என்ற மனிதவளத் துறை இல்லாத சின்ன இடங்களுக்கும் பொருந்தும். அடிப்படை ஒன்றுதான்: ஒரு தாளில் பெயர் எழுதி வைத்தால் ஆள் தயாராகிவிட மாட்டார். நீங்கள் நாற்காலியில் இருக்கும்போதே உங்கள் முடிவுகளை ஒவ்வொன்றாக அவர் கைக்கு மாற்ற வேண்டும்.

முதலில் நாற்காலிகளைப் பாருங்கள், ஆட்களை அப்புறம் பார்க்கலாம்

பெரும்பாலோர் “யார் நல்ல ஆள்?” என்றுதான் தொடங்குகிறார்கள். அங்கே தொடங்கினால் பேச்சு உடனே விருப்பு வெறுப்புக்குள் போய்விடும். “எந்த இடம் மூன்று வாரம் காலியாக இருந்தால் வேலை நின்றுபோகும்?” என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் அமைப்பில் உள்ள எல்லாப் பொறுப்புகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விஷயங்களைக் குறியுங்கள். இவர் நாளை வராவிட்டால் எது நிற்கும்? வெளியிலிருந்து ஆள் எடுத்தால் அவர் வேலையைப் பிடித்துக்கொள்ள எத்தனை மாதம் ஆகும்? இதைச் செய்து பார்த்தால் பதவியின் உயரமும் அதன் அவசியமும் ஒன்றல்ல என்பது புரியும். துணைத் தலைவர் ஒரு மாதம் இல்லாவிட்டாலும் சமாளித்துவிடலாம். சம்பளக் கணக்கு போடுபவரோ, பழைய இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்பவரோ, பெரிய வாடிக்கையாளர் நம்பிப் பேசும் அந்த ஒரே ஒருவரோ இல்லாவிட்டால் பாடு திண்டாட்டம்தான். முதல் ஆண்டில் இப்படிப்பட்ட 3 அல்லது 4 இடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் ஆள் தயார் செய்யக் கிளம்பினால் எதுவும் உருப்படியாக நடக்காது.

அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர் என்னென்ன முடிவு எடுக்கிறார்?

வேலை விவரக் குறிப்பு என்று ஒரு தாள் எல்லா அலுவலகத்திலும் இருக்கும். ‘குழுவை ஒருங்கிணைத்தல், வாடிக்கையாளர் உறவைப் பேணுதல்’ என்று எழுதியிருக்கும். அதை வைத்து யாரையும் தயார் செய்ய முடியாது. எனக்குப் பலன் தந்தது ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம். இப்போது பொறுப்பில் இருப்பவர், அது நீங்களாகவும் இருக்கலாம், இரண்டு வாரத்துக்குத் தான் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் அதில் ஒரு வரியாக எழுத வேண்டும்.

ஒரு நாள் பக்கம் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன்:

‘9.40. இரண்டு பேர் லீவு கேட்டார்கள். ஒருவருக்குத்தான் கொடுத்தேன், வெள்ளிக்கிழமை டெலிவரி இருப்பதால். 11.15. சப்ளையர் விலையை ஏற்றக் கேட்டார். மறுத்தேன், ஆனால் அடுத்த மாதம் பேசலாம் என்றேன். அவரை விட்டால் அவசரத்துக்கு வேறு ஆள் இல்லை. 3.00. தரப் பரிசோதனையில் தோற்ற பெட்டிகளை அனுப்பலாமா என்று கேட்டார்கள். கூடாது என்றேன். 4.30. புதுப் பையனின் வேலையில் குறை. இன்று சொல்லவில்லை, நாளை தனியாகக் கூப்பிட்டுச் சொல்வேன்.’

இதில் ‘ஏன்’ என்பதுதான் முக்கியம். அவசரத்துக்கு வேறு ஆள் இல்லை என்பதும், குறையை நாலு பேர் முன்னால் சொல்லக்கூடாது என்பதும் எந்தக் கோப்பிலும் இருக்காது. 19 ஆண்டு அனுபவம் என்று நாம் சொல்வது இந்தச் சின்னச் சின்ன ‘ஏன்’கள்தான். இரண்டு வாரம் எழுதினாலே ஒரே மாதிரி முடிவுகள் திரும்பத் திரும்ப வருவது தெரிந்துவிடும். அடுத்த பொறுப்பாளருக்கு முதலில் கற்றுத்தர வேண்டியவை அவைதான்.

ஆளைத் தேடும்போது

பல பெரிய நிறுவனங்களில் ‘ஒன்பது கட்டம்’ என்று ஒரு முறை இருக்கிறது. 1970களில் மெக்கின்ஸி ஆலோசனை நிறுவனம், ஜெனரல் எலக்ட்ரிக் என்ற அமெரிக்க நிறுவனத்துக்காக உருவாக்கியது. எந்தத் தொழிலில் பணம் போடுவது என்று பார்ப்பதற்கான கட்டம் அது. பிறகு அதே வடிவத்தை ஆட்களை எடைபோடவும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் இப்போதைய செயல்திறன், இன்னொரு பக்கம் மேலே வளரக்கூடிய திறன். ஒவ்வொன்றிலும் மூன்று நிலை, ஆக ஒன்பது கட்டம். யோசிக்கத் தொடங்க அது போதும். ஆனால் ஒருவரை ஒரு கட்டத்தில் போட்டுவிட்டு அங்கேயே ஆணியடித்துவிடக் கூடாது.

அந்த இரண்டு பக்கங்களும் வேறு வேறு என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஒருவர் தன் வேலையில் முதல் ஆளாக இருப்பது, மற்றவர்களை வைத்து வேலை வாங்குவார் என்பதற்குச் சான்று அல்ல. சிறந்த விற்பனையாளரை விற்பனை மேனேஜர் ஆக்கிவிட்டு, நல்ல விற்பனையாளரையும் இழந்து நல்ல மேனேஜரும் கிடைக்காமல் தவித்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் கவனிப்பது சில சின்ன விஷயங்களை. பக்கத்தில் இருப்பவர் தடுமாறினால் இவர் கேட்காமலே போய் உதவுகிறாரா? தன் தவறை, பிறர் கண்டுபிடிக்கும் முன் தானே வந்து சொல்கிறாரா? தனக்குப் பிடிக்காதவரின் யோசனை நல்லதாக இருந்தால் ஏற்கிறாரா? நீங்கள் இல்லாத நேரத்தில் மற்றவர்கள் சந்தேகம் கேட்க யாரிடம் போகிறார்கள்? கடைசிக் கேள்விக்கான பதில் உங்களை ஆச்சரியப்படுத்தக்கூடும். கூட்டத்தில் வாயே திறக்காத ஒருவர் மேசையைச் சுற்றித்தான் நான்கு பேர் நிற்பார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. நம்மைப் போலவே பேசுகிற, நம்மைப் போலவே யோசிக்கிற ஆள்தான் நம் கண்ணுக்கு உடனே படுவார். அதனால் உங்களுக்கு நேர் கீழே இருப்பவர்களோடு நிற்காமல் இரண்டு நிலை கீழேயும் பாருங்கள். வேறு பிரிவில் உள்ள ஒருவரையும் கூட உட்காரவைத்துப் பேசுங்கள். ஒரு இடத்துக்கு ஒரே ஒரு பெயர் போதாது. இன்றே பொறுப்பேற்கக் கூடியவர் ஒருவர், இரண்டு மூன்று ஆண்டில் தயாராகக் கூடியவர் ஒருவர், இப்படி இரண்டு பேராவது இருக்கட்டும்.

அவரிடம் சொல்ல வேண்டுமா?

சொல்லத்தான் வேண்டும். ரகசியமாக வைத்துக்கொண்டு அவர் மேல் கூடுதல் வேலையை மட்டும் ஏற்றினால், ‘என்னை ஏன் இப்படிப் பிழிகிறார்கள்’ என்று நினைத்து வேறு வேலை தேடத் தொடங்கிவிடுவார். ஆனால் பதவியை வாக்குக் கொடுக்கக் கூடாது. அந்தப் பேச்சு ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

“அடுத்த இரண்டு வருஷத்துல என் பொறுப்பை எடுத்து நடத்தற அளவுக்கு உங்களைத் தயார் பண்ணலாம்னு நினைக்கிறேன். பதவி உங்களுக்குத்தான்னு இப்பவே என்னால சொல்ல முடியாது. ஆனா அதுக்கான வேலைகளை உங்க கையில குடுக்க முடியும். உங்களுக்கு இதுல விருப்பம் இருக்கா?”

“யோசிச்சுச் சொல்லட்டுமா சார்? வீட்லயும் கேக்கணும்.”

“தாராளமா. வேண்டாம்னு சொன்னாலும் நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.”

கடைசி வரியை மனதாரச் சொல்ல வேண்டும். எல்லோரும் தலைமைப் பொறுப்புக்கு ஆசைப்படுவதில்லை. தன் தொழிலில் ஆழமாகப் போக நினைப்பவர்கள் உண்டு. வீட்டில் வயதான பெற்றோரைக் கவனிப்பதால் இப்போது வேண்டாம் என்பவர்கள் உண்டு. இன்று வேண்டாம் என்றவரிடம் அடுத்த ஆண்டு மறுபடி கேளுங்கள்.

முடிவுகளைக் கைமாற்றுவது

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரமும் பொறுமையும் தேவை. பயிற்சி வகுப்புக்கு அனுப்பினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 1980களில் சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் என்ற அமெரிக்கத் தலைமைப் பயிற்சி அமைப்பின் ஆய்வாளர்கள், வெற்றிகரமான நிர்வாகிகளிடம் எதிலிருந்து கற்றீர்கள் என்று கேட்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 70-20-10 என்ற கணக்கு. 70 பங்கு சவாலான வேலையைச் செய்து பார்த்து, 20 பங்கு பிற மனிதர்களிடமிருந்து, 10 பங்கு வகுப்பிலிருந்து. துல்லியமான அளவாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வேலையில் இறங்காமல் யாரும் தலைமையைக் கற்பதில்லை என்பது என் அனுபவத்திலும் உண்மை.

விமானிகள் செய்வது எனக்கு நல்ல உதாரணமாகத் தெரிகிறது. பயணிகள் விமானத்தில் கேப்டனும் துணை விமானியும் பொதுவாகப் பயணங்களை மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். ஒரு பயணத்தில் கேப்டன் ஓட்ட, துணை விமானி கண்காணிப்பார். அடுத்ததில் துணை விமானி ஓட்ட, கேப்டன் கண்காணிப்பார். இறுதிப் பொறுப்பு எப்போதும் கேப்டனுடையதுதான். ஆனாலும் துணை விமானி நிஜமான பயணிகளோடு நிஜமான விமானத்தைத்தான் இறக்குகிறார். கேப்டன் ஆவதற்கு முன்பே நூற்றுக்கணக்கான முறை இறக்கிப் பழகியிருப்பார்.

அலுவலகத்தில் இதை ஐந்து படியாகச் செய்யலாம். நோட்டுப் புத்தகத்தில் எழுதிய ஒவ்வொரு வகை முடிவுக்கும் தனித்தனியாக இந்தப் படிகள் பொருந்தும்.

1. நான் முடிவெடுக்கிறேன். ஏன் என்று உங்களுக்கு விளக்குகிறேன்.
2. நீங்கள் யோசனை சொல்லுங்கள். முடிவு என்னுடையது.
3. நீங்கள் முடிவு செய்யுங்கள். செயல்படுத்தும் முன் என்னிடம் சொல்லுங்கள்.
4. செய்துவிட்டுச் சொல்லுங்கள்.
5. சொல்லவே வேண்டாம். மாதக் கடைசியில் ஒருமுறை சேர்த்துப் பார்த்துக்கொள்வோம்.

பெரும்பாலான மேனேஜர்கள் இரண்டாவது படியிலேயே நின்றுவிடுகிறார்கள். யோசனை கேட்பார்கள், முடிவைத் தர மாட்டார்கள். லீவு அனுமதி போன்றவற்றை மூன்று மாதத்தில் ஐந்தாம் படிக்குக் கொண்டுபோய்விடலாம். சப்ளையரோடு விலை பேசுவது மூன்றாம் படியிலேயே ஓராண்டு இருக்கலாம். அவசரம் வேண்டாம், ஆனால் எந்த முடிவு எந்தப் படியில் இருக்கிறது என்று இருவருக்கும் தெளிவாகத் தெரிய வேண்டும். பாதிச் சண்டைகள் அது தெரியாததால்தான் வருகின்றன.

வாராந்திரக் கூட்டத்தை நடத்தும் வேலையை முதலில் ஒப்படையுங்கள். அன்று என்ன நடக்கும் என்று இப்போதே சொல்கிறேன். அவர் முன்னால் நின்று பேசுவார். யாராவது ஒரு கேள்வி கேட்பார்கள். கேள்வி அவரிடம்தான், ஆனால் கண்கள் எல்லாம் உங்கள் பக்கம் திரும்பும். நீங்கள் லேசாகத் தலையசைத்தால் போதும், கூட்டம் மறுபடி உங்களுடையதாகிவிடும். எனக்கு இதைச் சமாளிக்கப் பல வாரம் ஆனது. பதில் தெரிந்திருந்தும் வாயை மூடிக்கொண்டு, குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருக்கப் பழகினேன். நாற்காலியைச் சுவரோரம் பின்னுக்குத் தள்ளிப் போட்டேன். கடைசியில் கூட்டத்துக்கே போகாமல் இருந்தேன். அதற்குப் பிறகுதான் கேள்விகள் அவரிடம் நேராகப் போகத் தொடங்கின.

தவறு நடக்கும். அது நடக்கும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை அவர் மட்டுமின்றி மொத்தக் குழுவும் கவனித்துக்கொண்டிருக்கும். திருத்தக்கூடிய தவறா, திருத்த முடியாத தவறா என்று முன்கூட்டியே பிரித்து வையுங்கள். ஒரு டெலிவரி ஒருநாள் தாமதமானால் மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்யலாம். பாதுகாப்பு விதியில் தவறினால் உயிர் போகலாம். அதனால் இரண்டாவது வகை முடிவுகளைக் கடைசியில்தான் கைமாற்ற வேண்டும். முதல் வகையில் தவறு வந்தால் அந்த வேலையை அவரிடமிருந்து பிடுங்காதீர்கள். கதவை மூடிவிட்டு, “அந்த நேரத்துல உங்க கையில என்ன தகவல் இருந்தது?” என்று கேளுங்கள். வெளியில் யார் கேட்டாலும் ‘எங்கள் தவறு’ என்று சொல்லுங்கள்.

லீவில் போங்கள்

ஆள் எந்த அளவுக்குத் தயார் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பரீட்சை இல்லை. முதலில் இரண்டு நாள். பிறகு ஒரு வாரம். பிறகு முழுதாக மூன்று வாரம், போன் எடுக்காமல். எத்தனை அழைப்பு வந்தது, எதற்கு வந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் அந்தப் பட்டியல்தான் அடுத்த ஆறு மாதத்துக்கான பாடத்திட்டம்.

ஆப்பிளில் நடந்ததைப் பாருங்கள். ஸ்டீவ் ஜாப்ஸ் 2004-ல் அறுவை சிகிச்சைக்காக விடுப்பில் போனபோது அன்றாட நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர் டிம் குக். 2009-ல் ஏறத்தாழ ஆறு மாதம், மறுபடி 2011 ஜனவரியிலிருந்து, அப்போதும் அவரே. 2011 ஆகஸ்டில் தலைமைச் செயல் அதிகாரியாக அவர் அறிவிக்கப்பட்டபோது அந்த நாற்காலியின் வேலை அவருக்குப் பழகியிருந்தது. நோய் வந்து கொடுத்த வாய்ப்பு அது. நீங்கள் நோய்க்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அவசரத்துக்கு ஒரு தாள்

அடுத்த பொறுப்பாளர் தயாராக இரண்டு ஆண்டு ஆகலாம். விபத்து அதுவரை பொறுத்திருக்காது. அதனால் இந்த வாரமே ஒரு தாள் எழுதுங்கள். நாளை நீங்கள் வராவிட்டால் தற்காலிகமாக யார் பொறுப்பு? காசோலையிலும் ஒப்பந்தத்திலும் யார் கையெழுத்துப் போடலாம்? பாஸ்வேர்டுகள் பாதுகாப்பாக எங்கே இருக்கின்றன? பாதியில் நிற்கும் வேலைகள் எவை, கடைசித் தேதி என்ன? ஊழியர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் யார் தகவல் சொல்வது? ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். உங்களைத் தவிர இன்னும் இருவருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

மெக்டொனால்ட்ஸ் தலைமைச் செயல் அதிகாரி ஜிம் கான்டலூப்போ 2004 ஏப்ரல் 19 அன்று மாரடைப்பில் இறந்தார். அன்றே சில மணி நேரத்துக்குள் சார்லி பெல் அந்தப் பொறுப்புக்கு அறிவிக்கப்பட்டார். சில வாரங்களில் பெல்லுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. நவம்பரில் அவர் விலக, ஜிம் ஸ்கின்னர் பொறுப்பேற்றார். ஒரே ஆண்டில் இரண்டு முறை இடி விழுந்தும் நிர்வாகம் ஆளைத் தேடிக் கையைப் பிசையவில்லை. ஒரு இடத்துக்கு இரண்டு பெயராவது வேண்டும் என்று மேலே சொன்னதன் காரணமும் இதுதான்.

தேர்வாகாதவர்கள்

இதை யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம். மூன்று பேரைத் தயார் செய்தால் இரண்டு பேர் ஏமாற்றம் அடைவார்கள். ஜெனரல் எலக்ட்ரிக்கில் தலைவர் ஜாக் வெல்ச்சுக்குப் பிறகு அந்தப் பொறுப்பு ஜெஃப் இம்மெல்ட்டுக்கு என்று 2000 நவம்பரில் அறிவித்தார்கள். போட்டியில் இருந்த மற்ற இருவரில் ராபர்ட் நார்டெலி ஹோம் டிப்போ நிறுவனத்துக்கும் ஜேம்ஸ் மெக்னெர்னி 3எம் நிறுவனத்துக்கும் சில வாரங்களில் தலைவர்களாகப் போய்விட்டார்கள்.

சிலர் போகத்தான் செய்வார்கள், தடுக்க முடியாது. ஆனால் செய்தி அவருக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது உங்கள் கையில் இருக்கிறது. பொது அறிவிப்புக்கு முன்பே தனியாகக் கூப்பிட்டு நீங்களே சொல்லுங்கள். காரணத்தை மழுப்பாதீர்கள். அவருக்கு வேறு என்ன பெரிய பொறுப்பு தர முடியும் என்று யோசித்துவிட்டே அந்த அறைக்குள் போங்கள். அவர் பார்த்துவந்த இடத்துக்கும் அடுத்த ஆள் யார் என்று முன்பே யோசித்திருக்க வேண்டும்.

கைமாறும் நாளும் அதற்குப் பிறகும்

இருவரும் சேர்ந்திருக்கும் காலம் ஒரு மாதம், அதிகம் போனால் மூன்று மாதம் போதும். வாடிக்கையாளர்களிடமும் சப்ளையர்களிடமும் நேரில் அழைத்துப் போய், “இனிமேல் இவர்தான்” என்று சொல்லி, பேச்சை அவரிடம் விட்டுவிடுங்கள். புதியவர் முதல் ஆறு மாதத்தில் சில பழக்கங்களை மாற்றுவார். நீங்கள் ஆசையாகக் கட்டியெழுப்பிய ஒன்றைக்கூட மாற்றலாம். மனம் வலிக்கும். அப்போது அவர் கேட்டால் மட்டும் கருத்துச் சொல்லுங்கள்.

பழையவர் அங்கேயே இருந்தால் குழம்பும். டிஸ்னியில் 2020 பிப்ரவரியில் பாப் சேப்பெக் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். முன்னவரான பாப் ஐகர் 2021 இறுதிவரை இயக்குநர் குழுவின் செயல் தலைவராகத் தொடர்ந்தார். 2022 நவம்பரில் சேப்பெக்கை நீக்கி ஐகரையே திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்குக் காரணங்கள் பல. ஆனால் ஒரே வீட்டில் இரண்டு குடும்பத் தலைவர்கள் இருந்தால் கீழே இருப்பவர்கள் யார் பேச்சைக் கேட்பார்கள் என்பதைச் சின்ன அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களும் அறிவார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாற்காலிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். யாராவது போயிருப்பார்கள், யாராவது வளர்ந்திருப்பார்கள். அரை நாள் வேலைதான். புதியவர் பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே தன் நோட்டுப் புத்தகத்தைத் தொடங்கட்டும், தனக்கு அடுத்து இரண்டு பெயர்களை யோசிக்கட்டும்.

அப்புறம், பழைய ஆட்கள் பழக்கத்தில் உங்களுக்குத்தான் போன் செய்வார்கள். பதில் உங்களுக்குத் தெரியும். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம் போலிருக்கும். “அவரைக் கேளுங்க, நம்பர் அனுப்பறேன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிடுங்கள்.